கடன் பில்களைக் கழிக்க ஒரு கர்சர்

வெள்ளவத்தை காலி வீதிப் புடவைக் கடையிலும் சரி, கொட்டாஞ்சேனை ஹார்ட்வெயார் கடையிலும் சரி, தெரிந்த வாடிக்கையாளருக்குக் கடனுக்குச் சாமான் போகும். அவர் பில் பில்லாகப் பார்த்துக் கட்டுவதில்லை. கையில் இருப்பதைத் தந்து, "கணக்கில கழிச்சு விடுங்கோ தம்பி" என்பார். பழைய பில்லில் தொடங்கிக் கழித்துக்கொண்டு வரவேண்டும். 4,000, 7,500, 3,000 என மூன்று பில்கள் நிற்க 10,000 ரூபாய் வந்தால், முதலாவது தீரும், இரண்டாவதில் 1,500 மிஞ்சும், மூன்றாவது அப்படியே நிற்கும். ஒரு பில்லின் நிரையில் எவ்வளவு கழிந்தது என்பதே அடுத்த நிரையில் எவ்வளவு கழிக்கலாம் என்பதைத் தீர்மானிக்கிறது. தரவுகளை நிரை நிரையாக எடுத்துத் தரும் கர்சர் பொருந்தும் இடம் இதுதான்.

பொருந்தாத இடங்களே அதிகம். 2024 ஜனவரியில் இலங்கையில் வற் வரி 15 இலிருந்து 18 வீதமானபோது விலைகளைத் திருத்த ஒரே ஒரு அப்டேட் கட்டளை போதும். பழைய தேசிய அடையாள அட்டை இலக்கத்தை 12 இலக்கமாக்குவதும் அப்படியே: கடைசி எழுத்தை நீக்கி, முன்னால் 19 சேர்த்து, பழைய இலக்கத்தின் ஐந்தாம் இடத்துக்குப் பின் ஒரு 0 நுழைத்தால் முடிந்தது. ஒவ்வொரு நிரைக்கும் ஒரே விதி என்றால் கர்சரைத் தொடவே வேண்டாம். கடை திறந்திருக்கும் நேரத்தில் தேவையில்லாத லூப் ஓடினால் பில் போடுபவர்தான் காத்து நிற்பார்.

இனி, பில் கழிப்பதை மைஎஸ்கியூஎல்லில் ஒரு புரொசீஜராக எழுதும் முறை. புரொசீஜருக்கு வாடிக்கையாளர் இலக்கமும் வந்த தொகையும் உள்ளீடு. உள்ளே டிக்ளேர் வரிகளின் ஒழுங்கு மாறக்கூடாது: முதலில் மாறிகள், அடுத்து கர்சர், கடைசியில் ஹேண்ட்லர்கள். மாற்றி எழுதினால் புரொசீஜர் உருவாகவே உருவாகாது. பணத்துக்கு ஃபுளோட் வேண்டாம், டெசிமல் போடுங்கள். மாறிகளின் பெயருக்கு முன்னால் 'வி_' போன்ற ஓர் அடையாளம் கட்டாயம் இருக்கட்டும். அட்டவணை நிரலின் பெயரும் மாறியின் பெயரும் ஒன்றானால் மைஎஸ்கியூஎல் மாறியையே எடுத்துக்கொள்ளும். மதிப்பு வைக்காத மாறி என்றால் கர்சர் வெற்று (நல்) மதிப்புகளைத்தான் தரும், பிழைச் செய்தியும் வராது.

கர்சரின் செலக்ட், அந்த வாடிக்கையாளரின் நிலுவையுள்ள பில்களை மட்டும் திகதி, பில் இலக்க ஒழுங்கில் எடுக்கட்டும். ஆர்டர் பை இல்லாமல் 'பழையது முதலில்' என்பதற்கு உத்தரவாதமே இல்லை. நிரை தீர்ந்ததும் 'முடிந்தது' என்ற மாறியை 1 ஆக்கும் நாட் ஃபவுண்ட் ஹேண்ட்லர் ஒன்று வேண்டும். பிழை வந்தால் ரோல்பேக் செய்து, ரிசிக்னல் மூலம் பிழையை மேலே அனுப்பும் ஹேண்ட்லர் இன்னொன்று.

ட்ரான்ஸாக்ஷனைத் தொடங்கியதும், வாடிக்கையாளரின் நிரையை ஃபோர் அப்டேட்டோடு வாசித்துப் பூட்டுங்கள். இரண்டு கவுண்டரில் ஒரே நேரத்தில் பணம் வாங்கினாலும் கணக்குப் பிசகாது. பிறகு கர்சரை ஓப்பன் செய்து லூப்புக்குள் போங்கள். ஃபெட்ச் செய்த மறுவரியிலேயே 'முடிந்தது' 1 ஆ என்று பார்த்து லீவ் செய்ய வேண்டும். இந்தச் சோதனையை லூப்பின் அடியில் வைத்தால் கடைசி பில்லில் இரண்டு முறை கழியும். அதன்பின் பில்லின் நிலுவை, கைத்தொகை (வந்த தொகையில் இன்னும் கழிக்காதது) இரண்டில் சிறியதை எடுத்து, பில்லிலும் கைத்தொகையிலும் கழியுங்கள். கைத்தொகை 0 ஆனால் அங்கேயே வெளியேறலாம்.

பலரை நாள்கணக்கில் அலைக்கழிக்கும் பிழை லூப்புக்குள்தான் இருக்கிறது. உள்ளே ஒரு செலக்ட் இன்டு எழுதி அதற்கு நிரை கிடைக்காவிட்டால், அதே நாட் ஃபவுண்ட் ஹேண்ட்லர் எழும்பி 'முடிந்தது' என்று சொல்லிவிடும். பில்கள் மிச்சமிருக்க லூப் அமைதியாக நின்றுவிடும். அந்த செலக்டைத் தனி பிகின்–எண்ட் கட்டத்தில் வைத்து, அதற்கென்று வேறு ஹேண்ட்லர் கொடுங்கள்.

வாடிக்கையாளர் பெயர் தமிழில் இருந்தால் தரவுத்தளம் யூடிஎஃப்8எம்பி4 தானா என்று பாருங்கள். மைஎஸ்கியூஎல் 5.7 பதிப்பின் இயல்பான எழுத்துக் குறியாக்கம் லத்தீன்1 என்பதால், பழைய தரவுத்தளங்களில் மாறிக்குள் போன பெயர் கேள்விக்குறிகளாகத் திரும்பலாம்.

கடைசியில் கர்சரைக் குளோஸ் செய்யுங்கள். பில்லெல்லாம் தீர்ந்தும் கைத்தொகை மிஞ்சினால் அதை வாடிக்கையாளரின் முற்பணமாகப் பதிந்துவிட்டே கமிட் செய்யுங்கள்.