நாற்பது வருசம் ஆகவில்லையென்று இருந்துவிடாதீர்கள்

தங்கச்சிமாரே, அம்மா அப்பாவைக் கனடாவுக்குக் கூப்பிட்டவர்களும் நடுவயதில் இங்கே வந்து இறங்கியவர்களும் இதைக் கவனமாகப் படியுங்கள். "நாற்பது வருசம் இருந்தால்தானே ஓல்ட் ஏஜ் பென்சன்" என்று எத்தனையோ பேர் விண்ணப்பிக்காமலே இருக்கிறார்கள். அது முழுப் பென்சனுக்கான கணக்கு. 65 வயதாகி, 18 வயதுக்குப் பிறகு 10 வருசம் கனடாவில் சட்டப்படி வசித்தவருக்குப் பகுதிப் பென்சன் உண்டு. வேலை செய்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. பேரப்பிள்ளை பார்த்துக்கொண்டு வீட்டில் இருந்த அம்மாவுக்கும் உரிமைதான்.

முழுதாக வசித்த ஒவ்வொரு வருசத்துக்கும் நாற்பதில் ஒரு பங்கு. 48 வயதில் வந்தவருக்கு 65இல் நாற்பதில் 17 பங்கு. 62இல் வந்தவருக்கு 72இல்தான் தகுதி, கிடைப்பது கால்வாசி. எடுக்கத் தொடங்கியபின் இந்தப் பங்கு கூடாது, விலைவாசிக்கேற்ற உயர்வு வரும்.

அப்படியானால் இன்னும் கொஞ்சம் பொறுக்கலாமா? வேறு வருமானம் இல்லாதவர்கள் பொறுக்கவே கூடாது. குறைந்த வருமானக்காரருக்கு ஜிஐஎஸ் என்ற உதவித்தொகை இருக்கிறது. பகுதிப் பென்சன்காரருக்கு அதைக் கூட்டியே கொடுப்பார்கள், அதற்கு வரியும் இல்லை. ஆனால் பென்சன் எடுக்காதவருக்கு ஜிஐஎஸ் கிடையாது. அதனால் விண்ணப்பிக்கும்போதே இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். வருமானம் ஒரு சதமும் இல்லாவிட்டாலும் வருசாவருசம் ஏப்ரல் 30க்குள் டாக்ஸ் ஃபைல் பண்ணுங்கள்.

பழைய பாஸ்போர்ட்டுகளையும் லாண்டிங் பேப்பரையும் எறிந்துவிடாதீர்கள். எப்போது வந்தீர்கள், எவ்வளவு காலம் வெளியே போனீர்கள் என்று கேட்கும்போது அவைதான் கைகொடுக்கும்.

இந்தியாவுடன் கனடாவுக்கு 2015 முதல் ஒப்பந்தம் இருப்பதால், அங்கே ஓய்வூதியத் திட்டத்தில் இருந்த காலம் 10 வருசத் தகுதியை எட்ட உதவலாம். பணம் மட்டும் கனடாவில் வசித்த வருசங்களுக்கே. இலங்கையுடன் அப்படி ஒப்பந்தம் இல்லை. கொழும்பில் அரச வேலை பார்த்த காலம் இங்கே சேராது.

ஊருக்குப் போய் நீண்டநாள் நிற்கும் பெற்றோருக்கும் சொல்லிவையுங்கள்: ஆறு மாதத்துக்கு மேல் வெளியே நின்றால் ஜிஐஎஸ் நிற்கும். கனடாவில் 20 வருசம் ஆகாதவருக்குப் பென்சனும் நின்றுபோகும். திரும்பி வந்து அறிவித்தால்தான் மீண்டும் தொடங்கும்.

தகுதி வந்தும் பிந்தி விண்ணப்பித்தால் முந்திய 11 மாதக் காசுதான் தருவார்கள், மீதி போனதுதான். தகுதி வர 11 மாதம் இருக்கும்போதே சேர்விஸ் கனடாவுக்கு விண்ணப்பத்தை அனுப்பிவிடுங்கள்.