தாடை வேறுபாடும் கோணக் கணக்கும்

பல் வரிசை பிசகியிருப்பதைக் கண்ணாடி காட்டிவிடும். அதற்கு அடியிலுள்ள எலும்பு எங்கே பிசகியுள்ளது என்பதைக் கண்ணாடி காட்டாது. மேற்பற்கள் துருத்திய பத்து வயதுச் சிறுவர் மூவரை நிறுத்திப் பார்த்தால் மூவரும் ஒன்றுபோலவே தோன்றலாம். ஆயினும், முதல் சிறுவனுக்கு மேல் தாடை முன்னேறியிருக்கலாம். இரண்டாமவனுக்குக் கீழ்த் தாடை பின்தங்கியிருக்கலாம். மூன்றாமவனுக்குத் தாடைகள் சரியாக இருக்க, பற்கள் மட்டும் முன்சாய்ந்திருக்கலாம். இம்மூவருக்கும் மருத்துவம் வெவ்வேறு. இவ்வேறுபாட்டைப் பிரித்தறிய உதவுவதே செபலோமெட்ரி எனப்படும் மண்டையோட்டு எக்ஸ்ரே அளவியலாகும்.

முறை பிறந்த வரலாறு

1899இல் அமெரிக்கப் பல் மருத்துவர் எட்வர்ட் ஆங்கிள், பற்பொருத்தக் கோளாறுகளை மூன்று வகுப்புகளாகப் பிரித்தார். மேல், கீழ் முதற் கடைவாய்ப்பற்கள் பொருந்தும் நிலையே அவருடைய அளவுகோல். இன்றும் வழங்கும் அப்பகுப்பு பற்களின் உறவைக் கூறுமேயன்றி எலும்புகளின் உறவைக் கூறாது.

1895இல் ராண்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்தபின் எலும்பைப் படமாகக் காண முடிந்தது. ஆனால் தலை சற்றே திரும்பினாலும் நிழல் மாறிவிடும். ஒரு படத்தை மற்றொன்றுடன் ஒப்பிட இயலாது. 1931இல் அமெரிக்காவில் பிராட்பென்ட்டும் ஜெர்மனியில் ஹோஃப்ராத்தும் தனித்தனியே இதற்கு வழி கண்டனர். பிராட்பென்ட் முறையில், காதுத் துளைகளில் பொருந்தும் இரு தண்டுகள் தலையை அசையாது நிறுத்தும். எக்ஸ்ரே குழாய் எப்போதும் 5 அடி தொலைவிலேயே இருக்கும்.

நான்கு புள்ளிகள்

பக்கவாட்டில் எடுத்த படத்தின்மீது மெல்லிய தாளை வைத்து எலும்பின் கோடுகளை வரைந்துகொள்வது மரபு. இன்று கணினித் திரையிலும் இதைச் செய்கின்றனர். முதலில் நான்கு புள்ளிகளைக் குறிக்க வேண்டும். பிட்யூட்டரி சுரப்பி அமர்ந்திருக்கும் எலும்புக் குழியின் நடுப்புள்ளி ‘எஸ்’. நெற்றி எலும்பும் மூக்கெலும்பும் சேரும் இடம் ‘என்’. மேல் தாடையின் முன்பக்க வளைவில் மிக உள்ளடங்கிய புள்ளி ‘ஏ’. கீழ்த் தாடையில் அதற்கு இணையானது ‘பி’.

எஸ், என் இரண்டையும் சேர்க்கும் கோடு மண்டையோட்டின் அடித்தளத்தைக் காட்டும். அக்கோட்டுடன் ‘என்’ புள்ளியில் ‘ஏ’ அமைக்கும் கோணம் மேல் தாடையின் நிலையையும், ‘பி’ அமைக்கும் கோணம் கீழ்த் தாடையின் நிலையையும் உணர்த்தும். 1953இல் ஸ்டெய்னர் வகுத்த முறையில் இவை முறையே 82, 80 பாகைகள். வேறுபாடு 2 பாகை. நீளத்தை விட்டுக் கோணத்தை அளப்பது ஏன்? எக்ஸ் கதிர்கள் விரிந்து செல்வதால் நிழல் பெரிதாகும், நீளங்கள் கூடும். முகத்தின் நடுத்தளத்திலுள்ள புள்ளிகளுக்கு இடைப்பட்ட கோணமோ மாறாது.

இனி நம் சிறுவர்களிடம் வருவோம். முதல்வனுக்குக் கோணங்கள் 86, 80 என்றும், இரண்டாமவனுக்கு 82, 76 என்றும் கொள்வோம். இருவருக்கும் வேறுபாடு 6 பாகைதான். ஆனால் குறை இருக்கும் தாடை வேறு. முதல்வனுக்கு மேல் தாடையின் வளர்ச்சியைத் தலைக்கவசப் பட்டையால் கட்டுப்படுத்தலாம். இரண்டாமவனுக்குக் கீழ்த் தாடையை முன்னே நிறுத்தும் சாதனம் பொருந்தும். மூன்றாமவனுக்கு வேறுபாடு 2 பாகையே; மேல் வெட்டுப்பல்லின் சாய்வு மட்டும் ஸ்டெய்னர் கூறும் 22 பாகையை மிஞ்சியிருக்கும். அவனுக்குப் பற்களை நகர்த்தினால் போதும். வளரும் பருவம் கடந்துவிட்டால் தாடையின் பெருங்குறைக்கு அறுவை மருத்துவமே வழியாகிவிடும். ஆதலால் நோயறிவதில் நேரும் பிழை ஒரு சிறுவனின் வளரும் ஆண்டுகளை வீணாக்கிவிடும்.

எண் மட்டும் போதுமா?

போதாது. ‘என்’ புள்ளி ஒருவருக்கு இயல்பாகவே முன்தள்ளி இருக்குமானால், தாடைகள் இருந்த இடத்திலேயே இருந்தும் வேறுபாட்டுக் கோணம் குறைந்துவிடும். தாடைகள் மேல்நோக்கியோ கீழ்நோக்கியோ சுழன்றிருந்தாலும் கோணம் மாறும். இதை எடுத்துக்காட்டிய ஜேக்கப்சன், 1975இல் மாற்று முறையொன்றை அளித்தார். ‘ஏ’, ‘பி’ புள்ளிகளிலிருந்து பற்கள் கடிக்கும் தளத்துக்குச் செங்குத்துக் கோடுகள் வரைந்து, அவை தொடும் இடங்களின் இடைவெளியை மில்லிமீட்டரில் அளப்பதே அது. அங்கு ‘என்’ புள்ளிக்கு வேலையில்லை. தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தின் பெயரால் இது ‘விட்ஸ்’ முறை எனப்படுகிறது. கடிதளம் சாய்ந்திருந்தால் இம்முறையும் தடுமாறும். எனவே இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதே நன்று.

சராசரி என்பதும் எல்லார்க்கும் பொதுவன்று. 1948இல் டவுன்ஸ் வெளியிட்ட புகழ்பெற்ற அளவுகள், பற்பொருத்தம் சிறந்த 20 அமெரிக்க இளைஞர்களிடம் பெறப்பட்டவை. இனத்துக்கு இனம் முக அமைப்பு மாறுபடுவதால், ஒரு மக்களின் சராசரியை மற்றொரு மக்களுக்குச் சட்டமாக்கலாகாது. மேலும், பக்கவாட்டுப் படத்தில் இடமும் வலமும் ஒன்றன்மேல் ஒன்று படிவதால், முகம் ஒருபுறம் கோணியிருப்பதை அறிய முன்பக்கப் படமும் தேவை.

ஆக, கோணமானி சொல்வது ஒரு புள்ளிக்கும் மற்றொரு புள்ளிக்கும் உள்ள உறவை மட்டுமே. எந்தப் புள்ளி இடம் மாறியது என்று ஆராய்வது மருத்துவரின் கடமை. அளவையும் ஆளையும் சேர்த்துக் காண்பவரே சரியான மருத்துவத்தைத் தேர்வார்.