மலைக்குப் போகும் தங்கைக்கு

அன்புள்ள தங்கச்சி,

ஜார்க்கண்டின் ராஜ்மஹால் மலைகளில் பஹாடியா மக்களிடையே ஊழியம் செய்ய உன்னை ஒப்புக்கொடுத்திருக்கிறாய் என்று எழுதியிருந்தாய். படித்ததும் முழங்காலில் நின்று ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். சகல ஜனங்களிடத்திற்கும் போகச் சொன்ன அவருடைய கட்டளைக்கு நம் பிள்ளைகளில் ஒருத்தி கீழ்ப்படிந்திருக்கிறாள். எனக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

அங்கே போய் முதலில் என்ன பேசுவது என்று கேட்டிருந்தாய். அதற்கு முன்னால் ஒரு காரியம் இருக்கிறது. நீ அங்கே யாராகப் போய் இறங்கப்போகிறாய்?

நம் வெள்ளாளன்விளை அசரியாவை நினைத்துக்கொள். 1902-இல் அவர் யாழ்ப்பாணம் போனபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் காணிக்கையைக்கொண்டு தங்கள் ஆட்களையே கடல் தாண்டி ஊழியத்துக்கு அனுப்புவதைப் பார்த்தார். அவ்வளவு பழைய சபையான திருநெல்வேலி அப்படிச் செய்யவில்லையே என்ற பாரம் அவருக்குள் ஏறியது. அடுத்த ஆண்டு, 1903 பிப்ரவரியில், பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. ஆளும் பணமும் நிர்வாகமும் நம்முடையதாகவே இருக்கவேண்டும் என்பது அதன் தீர்மானம். நிஜாம் சீமையிலிருந்த தோர்ணக்கல்லுக்கு நம் ஊரிலிருந்து முதல் மிஷனெரி போனார். பிறகு அசரியாவே போனார், தெலுங்கு படித்தார், 1912-இல் பேராயரானார், 1945-இல் அந்த மண்ணிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

இதெல்லாம் ஞாயிறு பள்ளியிலேயே உனக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். நான் சொல்ல வந்தது 1910-இல் எடின்பரோவில் அவர் பேசியதை. உலக மிஷனெரி மாநாடு அது. ஏறக்குறைய 1,200 பிரதிநிதிகள் கூடியிருந்தார்கள். ஆசியாவிலிருந்து போனவர்கள் இருபது பேர்கூட இல்லை. அந்த மேடையில் நின்று அசரியா வெள்ளை மிஷனெரிகளின் முகத்துக்கு நேரே சொன்னார்: உங்கள் தியாகத்துக்கு இந்தியச் சபை என்றும் நன்றியோடிருக்கும், ஆனாலும் நீங்கள் எங்களிடம் எஜமான்களாகவே நடக்கிறீர்கள், எங்களுக்கு வேண்டியது உங்கள் சிநேகம். அவையில் பலருக்கு அது பிடிக்கவில்லை. அவர் சொன்னதைத் திரும்பப் பெறவில்லை.

இன்று அந்த வெள்ளைக்காரர்கள் போய்விட்டார்கள். அவர்களுடைய நாற்காலியில் நாம் உட்கார்ந்திருக்கிறோம். படிப்பு, மாதச் சம்பளம், கையில் போன், தெற்கே நமக்காக ஜெபிக்கவும் கொடுக்கவும் ஆயிரம் குடும்பங்கள். இத்தனையும் உள்ள நாம் ஒரு மலைக் கிராமத்தில் போய் இறங்கும்போது அந்த மக்கள் கண்ணுக்கு எப்படித் தெரிவோம்? அசரியா அன்று கேட்டதை இன்று பஹாடியா மக்கள் நம்மைப் பார்த்துக் கேட்கலாம், தங்கச்சி. கேட்காவிட்டாலும் கேட்டதாக வைத்துக்கொண்டு நட.

முதல் காரியம் சாப்பாடு. அப்போஸ்தலர் பத்தாம், பதினோராம் அதிகாரங்களை மறுபடியும் மெதுவாக வாசி. பேதுரு கொர்நேலியுவின் வீட்டில் பிரசங்கித்தார், ஞானஸ்நானம் கொடுக்கச் சொன்னார். எருசலேமுக்குத் திரும்பியபோது அவர்மேல் வந்த குற்றச்சாட்டு பிரசங்கத்தைப் பற்றியது அல்ல. புறஜாதியார் வீட்டுக்குள் போய் அவர்களோடு சாப்பிட்டாரே என்பதுதான். மலையில் மக்காச்சோளக் கூழும் தட்டைப்பயறும் தருவார்கள். இல்லாத வீட்டில்தான் முதலில் உபசரிப்பார்கள். பையிலிருந்து பிஸ்கட் பாக்கெட்டை எடுக்காதே. தரையில் உட்கார், அவர்கள் சாப்பிடுவதைச் சாப்பிடு, பாத்திரம் கழுவ அவர்களோடு எழுந்து போ. கொடுப்பவளாக மட்டுமே நிற்பவளுக்குச் சிநேகிதர் கிடைப்பதில்லை, வாங்கிக்கொள்ளவும் தெரியவேண்டும்.

இதைச் சொல்லும்போது நம் வீட்டுக் காரியத்தையும் மறைக்காமல் சொல்லவேண்டியிருக்கிறது. நம் சபைகளில் இன்னும் சாதி பார்த்துச் சம்பந்தம் பேசுகிறோம், சாதி பார்த்துத் தேர்தலில் ஓட்டுப் போடுகிறோம். வடக்கே போகிற ரயிலில் உன் பெட்டியோடு அதுவும் ஏறிவிடக் கூடாது. இரண்டு சாதி ஊழியர்கள் ஒரே பணித்தளத்தில் தனித்தனியே சமைத்தால், அதைப் பார்க்கிற பஹாடியா பிள்ளைக்கு நம் சுவிசேஷம் என்னவென்று புரியும்?

அடுத்தது பாஷை. 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய மிஷனெரி சீகன்பால்க் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்து எழுத்துப் படித்தார். ஓலைச்சுவடிகளைத் தேடிச் சேர்த்தார். கொன்றை வேந்தனையும் உலகநீதியையும் ஜெர்மனில் மொழிபெயர்த்தார். நம் மக்களின் தெய்வங்களைப் பற்றி அவர் எழுதிய புத்தகத்தை ஜெர்மனியிலுள்ள ஹாலேயில் அச்சிட மறுத்துவிட்டார்கள்; அது 1867-இல்தான் அச்சேறியது. அனுப்பியவர்களுக்கு வீணாகத் தோன்றிய அந்த வேலை வீண்போகவில்லை என்றே நான் நினைக்கிறேன். எதை நம்பி வாழ்கிறார்கள் என்று பொறுமையாகக் கேட்டறிந்தவருக்குத்தான் நம் ஆண்டவரைப் பற்றிப் பேசுகிற தகுதி வருகிறது. சௌரியா பஹாடியாக்கள் பேசுகிற மல்தோ நம் தமிழின் தூரத்து உறவு, திராவிடக் குடும்பத்தின் வடகோடி மொழிகளில் ஒன்று. துரோசே என்ற மிஷனெரி 1884-லேயே அதற்கு இலக்கணம் எழுதிவைத்திருக்கிறார். இந்தி போதும், சந்தையில் எல்லாருக்கும் புரிகிறது என்று சொல்வார்கள். மலையிலிருந்து விறகுக்கட்டைச் சுமந்து இறங்குகிற பெண்ணிடம் வட்டிக்குக் கடன் கொடுக்கும் மகாஜன் பேசுவதும், கடன் கணக்குச் சொல்வதும் இந்தியில்தான். அறுவடைக்கு முன்பே அவளுடைய பயறுக்கு விலை வைப்பதும் அந்த மொழியில்தான். ஆண்டவருடைய அன்பையும் அதிலேயே அவள் கேட்கவேண்டுமா? முதல் ஆண்டு முழுவதும் மல்தோ படிப்பதற்கே போகட்டும். அறிக்கையில் எழுத ஒன்றுமில்லாமல் போனாலும் கவலைப்படாதே.

உடம்புக்கு வருகிற காரியங்களைத் தெரிந்துகொண்டு போ. அந்தச் சுற்றுவட்டாரத்தில் காலா அசார் என்ற காய்ச்சல் உண்டு. மண்சுவர் வெடிப்பில் தங்கும் மணல் ஈ கடித்து வருவது. இரண்டு வாரம் தாண்டியும் காய்ச்சல் விடாமல், உடம்பு மெலிந்து, இடப்பக்கம் மண்ணீரல் கல்போலத் தட்டுப்பட்டால் தாமதிக்காதே. ஒரு சொட்டு ரத்தத்தில் சோதித்துவிடலாம். அரசு மருத்துவமனையில் மருந்தும் இலவசம். வைத்தியம் இல்லாவிட்டால் ஆளைக் கொன்றுவிடும். தலையில் கைவைத்து ஜெபி, அன்றைக்கே ஆளைக் கூட்டிக்கொண்டு மலை இறங்கு. அவர் குணமாகி வந்தபின் அதைச் சாட்சியாக்கி அவரை மேடையேற்றாதே. நீ உதவி செய்தாய் என்பதற்காக அவர் உன் கூட்டத்துக்கு வரவேண்டியதில்லை. வராவிட்டாலும் அவர் வீட்டுக்கு நீ போய்க்கொண்டிரு.

சட்டத்தையும் படித்துவிடு. மதத்தைப் பரப்பும் உரிமையை அரசியல் சாசனத்தின் 25-ஆவது பிரிவு தருகிறது. அது இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று 1977-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஜார்க்கண்டில் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் பலவந்தம், ஆசைகாட்டல், மோசடி மூன்றையும் தண்டிக்கிறது. மாவட்ட நிர்வாகத்தின் முன் அனுமதியும் கேட்கிறது. இத்தகைய சட்டங்களைக் காட்டி ஏழை விசுவாசிகளை மிரட்டுகிறார்கள். அந்த வேதனை எனக்கு உண்டு. ஆனாலும் அரிசி கொடுத்து ஆள் சேர்ப்பதைச் சட்டத்துக்கு முன்பே சிலுவை தடுக்கிறது. யாரையும் மாற்றுவது உன் கையில் இல்லை, அது ஆவியானவர் வேலை.

அப்படியானால் சேவை மட்டும் செய்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடலாமே என்று உன் சிநேகிதிகளே கேட்பார்கள். கூடாது. எனக்கு ஜீவனாக இருப்பவரை என் சிநேகிதியிடம் சொல்லாமல் ஒளித்துவைப்பது சிநேகம் ஆகாது. கேட்கிறபோது சொல், தயங்காமல், வெட்கப்படாமல் சொல். அவள் வேண்டாம் என்றால் அதையும் மரியாதையோடு வாங்கிக்கொள்.

அறிக்கையைப் பற்றி ஒரு வார்த்தை. ஊரில் கூட்டம் போடுகிறவர்கள் உன்னிடம் போட்டோ கேட்பார்கள்: மூக்கொழுகும் பிள்ளை, கிழிந்த சட்டை, எத்தனை ஞானஸ்நானம் என்ற எண்ணிக்கை. அந்தத் தாய் பார்த்தால் கூசுகிற படத்தை அனுப்பாதே. காணிக்கை குறைந்தால் குறையட்டும்.

கடைசியாக, நம் பனங்காட்டு ஊர்களுக்கு இந்தச் செய்தி வந்த விதத்தை நினைத்துப்பார். மிஷனெரி ஷ்வார்ட்ஸ் ஐயர் வீடு வீடாக வந்து சொல்லவில்லை. தஞ்சாவூரில் ஞானஸ்நானம் பெற்ற தாவீது சுந்தரானந்தம் தன் சொந்தக்காரரிடம் திரும்பி வந்து சொன்னார். 1799-இல் முதலூர் என்ற கிறிஸ்தவ ஊர் உண்டாயிற்று. மல்தோ மக்களுக்கும் மல்தோ வாய்தான் சொல்லப்போகிறது. ஆகவே காணிக்கைக் கணக்கு நோட்டு முதல் நாளிலிருந்தே அவர்கள் கையில் இருக்கட்டும். கூட்டத்தை எங்கே, எந்த நாளில் வைப்பது என்று அவர்கள் தீர்மானிக்கட்டும். பாட்டை அவர்கள் மெட்டில் அவர்களே கட்டட்டும், நம் கீர்த்தனையை மொழிபெயர்த்துக் கொடுக்காதே. உன் சொல்லை அவர்கள் மறுத்துப் பேசுகிற நாள் வந்தால் எனக்கு உடனே எழுது.

கொசுவலையை இங்கேயே வாங்கிக்கொள்.

உன் ஜெபத்தில் என்னையும் நினைத்துக்கொள்.

அன்புடன்,
அக்கா