வலைக்கு இப்புறம் இருவர்

நுழையும்முன்

ஒரு கை தட்டினால் ஓசை எழாது என்பர் பெரியோர். விளையாட்டுக் களத்தில் அவ்வுண்மையை நன்கு உணர்த்துவது இறகுப்பந்து இரட்டையர் ஆட்டம். அவ்வாட்டத்தையே தம் வாழ்வாகக் கொண்ட வீராங்கனை ஒருவரைப் பற்றி இப்பாடத்தில் அறிவோம்.

பிறப்பும் இளமையும்

ஜுவாலா கட்டா 1983ஆம் ஆண்டு செப்டம்பர் 7ஆம் நாள் மகாராட்டிர மாநிலத்தின் வார்தாவில் பிறந்தார். தந்தை தெலுங்கர், தாய் சீன நாட்டில் பிறந்தவர். வார்தாவில் பிறந்த அவர் வளர்ந்தது ஐதராபாத்தில். பிறந்த ஊர் ஒன்று, வளரும் ஊர் வேறொன்று. வீட்டுமொழி ஒன்று, வீதிமொழி வேறொன்று. இத்தகைய வாழ்க்கை உங்களுள் பலருக்கும் புதியதன்று.

ஐதராபாத்தில் எஸ். எம். ஆரிஃப் என்னும் புகழ்பெற்ற பயிற்சியாளரிடம் ஜுவாலா ஆட்டம் பயின்றார். தொடக்கத்தில் ஒற்றையர் ஆட்டத்திலும் சிறந்து விளங்கினார். 2000ஆம் ஆண்டில் இளையோர் தேசியப் பட்டத்தை வென்றார். பின்னர் இரட்டையர் ஆட்டத்தையே தம் வழியாகத் தேர்ந்தார். அக்காலத்தில் நம் நாட்டில் புகழும் கவனமும் ஒற்றையர் வீரர்களையே பெரிதும் சேர்ந்தன. எனவே, அவர் தேர்ந்தது எளிய வழியன்று.

இரட்டையர் ஆட்டத்தின் நுட்பம்

ஆடுகளத்தின் நீளம் 13.4 மீட்டர். அகலம் ஒற்றையர் ஆட்டத்திற்கு 5.18 மீட்டர், இரட்டையர் ஆட்டத்திற்கு 6.1 மீட்டர். களம் சற்றே விரிகிறது. ஆயினும் ஆட்டத்தின் வேகம் மிகுகிறது. தாக்கும்பொழுது ஒருவர் வலையருகிலும் மற்றவர் பின்புறத்திலும் நிற்பர். தற்காக்கும்பொழுது இருவரும் பக்கத்திற்கு ஒருவராக நிற்பர். இம்மாற்றம் கண் இமைக்கும் நேரத்தில் நிகழவேண்டும். "நீ அடி" என்று சொல்லவும் பொழுதிராது. தோழியின் கால் அசைவே அங்கு மொழியாகும்.

ஜுவாலா இடக்கை ஆட்டக்காரர். அவருடன் இணைந்த அசுவினி பொன்னப்பா வலக்கை ஆட்டக்காரர். பின்களத்திலிருந்து வலிமையாக அடிப்பதில் வல்லவர். இடக்கையரும் வலக்கையரும் இணைந்து நின்றால், எதிரணியினர் ஒருவருக்கு எதிராக வகுத்த உத்தி மற்றவரிடம் பயன்படாது. ஒருவருக்கு எளிதான பக்கம் மற்றவருக்குக் கடினமான பக்கம். ஆகவே, எங்கே பந்தைச் செலுத்துவது என்று எதிரணியினர் ஒவ்வொரு முறையும் எண்ணிப் பார்க்க நேரும். வேற்றுமையே அவ்விணைக்கு வலிமையாயிற்று.

வெற்றிகள்

2010ஆம் ஆண்டு தில்லியில் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டி நடைபெற்றது. சிரி கோட்டை விளையாட்டரங்கில் நடந்த மகளிர் இரட்டையர் இறுதியாட்டத்தில் ஜுவாலாவும் அசுவினியும் சிங்கப்பூர் இணையை வென்று தங்கப் பதக்கம் பெற்றனர். அப்போட்டியின் மகளிர் இரட்டையர் பிரிவில் இந்தியா பெற்ற முதல் தங்கம் அது.

மறுஆண்டு இலண்டனில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியில் இருவரும் வெண்கலம் வென்றனர். 1983இல் பிரகாசு படுகோனே வெண்கலம் வென்றதற்குப் பின்னர், உலகச் சாம்பியன் போட்டியில் இந்தியாவுக்குப் பதக்கம் கிட்டியது அப்பொழுதுதான். அதே 2011ஆம் ஆண்டில் ஜுவாலாவுக்கு அர்ச்சுனா விருது வழங்கப்பட்டது. தேசியப் போட்டிகளில் மகளிர் இரட்டையர், கலப்பு இரட்டையர் ஆகிய இரு பிரிவுகளிலுமாக அவர் 14 முறை பட்டம் வென்றுள்ளார்.

ஒரு புள்ளி

2012ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் மகளிர் இரட்டையரில் அசுவினியுடனும், கலப்பு இரட்டையரில் வி. திஜுவுடனும் ஜுவாலா ஆடினார். ஒரே ஒலிம்பிக்கில் இறகுப்பந்தின் இரு பிரிவுகளில் அவர் ஆடினார்.

மகளிர் இரட்டையரில் முதல் ஆட்டத்தில் ஜப்பான் இணையிடம் தோற்றனர். அடுத்துத் தைவான் இணையையும் சிங்கப்பூர் இணையையும் வென்றனர். குழுவில் மூன்று இணைகள் தலா இரண்டு வெற்றிகளுடன் சமநிலையில் நின்றன. புள்ளிகளின் வேறுபாடு கணக்கிடப்பட்டது. ஒரே ஒரு புள்ளி குறைந்தமையால் இந்திய இணை காலிறுதி வாய்ப்பை இழந்தது. அக்குழுவிலிருந்து முன்னேறிய ஜப்பான் இணையோ வெள்ளிப் பதக்கம் வரை சென்றது.

அந்த ஒரு புள்ளி எந்த ஆட்டத்தில், எந்த அடியில் தவறியது என்று யாரால் சுட்ட இயலும்? தோற்ற ஆட்டத்தில் மட்டுமன்று, வென்ற ஆட்டத்தில் விட்ட புள்ளியாகவும் அது இருக்கலாம். தவறியவர் ஒருவர் எனினும் இழப்பு இருவருக்கும் உரியது. எனினும் அவ்விணை அத்துடன் நின்றுவிடவில்லை. 2014இல் கிளாசுகோ காமன்வெல்த் போட்டியில் வெள்ளி வென்றது. 2016இல் ரியோ ஒலிம்பிக்கிலும் சேர்ந்தே களமிறங்கியது.

திறந்த வழி

இரட்டையர் ஆட்டத்திற்குத் தனிப் பயிற்சியும் உரிய மதிப்பும் வேண்டுமென ஜுவாலா ஆடிய காலம் முழுதும் வெளிப்படையாகப் பேசிவந்தார். ஓய்வுக்குப்பின் ஐதராபாத் அருகே பயிற்சிக்கூடம் ஒன்றை நிறுவினார். இன்று நம் நாட்டில் இரட்டையர் ஆட்டம் தலைநிமிர்ந்து நிற்கிறது. சாத்விக் சாய்ராஜ், சிராக் செட்டி இணை 2023இல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்று, உலகத் தரவரிசையில் முதலிடமும் எய்தியது. பலர் நடக்கும் பாதையில் முதலில் நடந்தவரின் கால்தடம் தெரிவதில்லை; ஆயினும் பாதை அவரால்தான் தொடங்கிற்று.

சொல்லும் பொருளும்

இணை – சோடி
உத்தி – செயல்திட்டம்
களம் – ஆடும் இடம்
எய்துதல் – அடைதல்

மதிப்பீடு

அ. கோடிட்ட இடங்களை நிரப்புக.
1. ஜுவாலா கட்டா பிறந்த ஊர் ________.
2. இரட்டையர் ஆடுகளத்தின் அகலம் ________ மீட்டர்.

ஆ. பிரித்து எழுதுக.
1. வலையருகில்
2. அவ்வுண்மை

இ. ஓரிரு தொடர்களில் விடை தருக.
1. தாக்கும்பொழுது இரட்டையர் எவ்வாறு நிற்பர்?
2. "வேற்றுமையே அவ்விணைக்கு வலிமையாயிற்று" – ஏன்?

ஈ. சிந்தித்து எழுதுக.
உன் தோழன் அல்லது தோழி செய்த தவற்றால் உங்கள் அணி தோற்றது. ஆட்டம் முடிந்தவுடன் நீ அவரிடம் என்ன கூறுவாய்? ஐந்து தொடர்களில் எழுதுக.