மருந்து ஏறிய பத்தாம் நாள்



டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெருமுயற்சியால் 1954-இல் சென்னை அடையாற்றில் தொடங்கப்பெற்ற புற்றுநோய் மருத்துவமனைக்கு, இராமநாதபுரம் போன்ற தொலைவான மாவட்டங்களிலிருந்து தாயை அழைத்துவரும் இளம்பெண், மருந்து ஏற்றும் நாளே மிகக் கடினமான நாள் என்று எண்ணித் தன் துணிவையெல்லாம் அதற்கே சேர்த்து வைப்பதுண்டு. அன்றோ மருத்துவரும் செவிலியரும் அருகிலேயே இருப்பர். உடன் வந்தவரின் பொறுப்பு, நோயாளி வாடகை அறைக்குத் திரும்பிய பிறகே தொடங்குகிறது.

கீமோ எனப்படும் சிகிச்சையில் தரப்படும் மருந்துகளுள் பெரும்பாலானவை விரைந்து பெருகும் உயிரணுக்களைத் தாக்குபவை. தொற்றை எதிர்க்கும் வெள்ளையணுக்களும் எலும்பு மஜ்ஜையில் விரைந்து பெருகுபவையாதலால், புற்றணுக்களோடு அவையும் குறைகின்றன. மூன்று வாரத்துக்கொருமுறை மருந்தேற்றும் பல முறைகளில், ஏறத்தாழ 7 முதல் 14 நாளுக்குள் அவற்றின் எண்ணிக்கை மிகவும் தாழ்ந்துவிடும். ‘கவுண்ட் இறங்கிவிட்டது’ என்று மருத்துவமனைத் தாழ்வாரங்களில் பேசிக்கொள்வது இதனைத்தான். அந்நாள்களில் 100.4 பாரன்ஹீட்டைத் தொடும் காய்ச்சல், நள்ளிரவாயினும் உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டிய அவசரநிலையாகும். காய்ச்சல் மாத்திரையைக் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று காத்திருப்பது, அன்பு மிகுதியால் நேரும் பிழைகளுள் மிகக் கொடியது. மாத்திரை சூட்டைத் தணிக்குமேயன்றி உள்ளே பரவும் தொற்றைத் தடுப்பதில்லை. ஆகவே ஒரு தெர்மாமீட்டரும், தேதி, நேரம், அளவு ஆகியவற்றைக் குறிக்க ஒரு நாற்பது பக்க நோட்டும் தலைமாட்டில் இருத்தல் வேண்டும். இடையில் ஊருக்குத் திரும்புவதாயின், காய்ச்சல் கண்டால் அங்கே எந்த மருத்துவமனைக்குச் செல்வது என்பதைப் புறப்படுமுன்பே கேட்டறிந்து, மருந்தின் பெயரும் ஏற்றிய தேதியும் உள்ள தாளை ஃபைலின் முதற்பக்கத்திலேயே வைத்துக்கொள்வது நல்லது.

‘கரண்ட் வைப்பது’ என்று மக்கள் வழங்கும் கதிர்வீச்சுச் சிகிச்சையில் மின்சாரம் எதுவும் உடலில் பாய்வதில்லை. ஆற்றல் மிகுந்த கதிர்கள் கட்டியின்மீது குறிபார்த்துச் செலுத்தப்படுகின்றன. சில நிமிடங்களே ஆகும் இச்சிகிச்சை, பெரும்பாலும் வாரத்தில் ஐந்து நாள் வீதம் பல வாரங்கள் தொடர்வதால்தான் குடும்பங்கள் சென்னையில் அறையெடுத்துத் தங்க நேர்கிறது. தோலில் மையால் இட்ட குறிக்கோடுகளைக் குளிக்கும்போது தேய்த்து அழித்துவிடலாகாது. சிகிச்சைக்கான ரயில் பயணத்தில், மருத்துவமனைச் சான்றிதழ் இருப்பின், நோயாளியோடு துணைக்கு வரும் ஒருவருக்கும் கட்டணச் சலுகை உண்டு.

உணவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லுதல் தகும். கீமோவுக்குப் பின் பலருக்கு வாய் உலோகம்போலச் சுவைக்கிறது. அன்புடன் வடித்த சோற்றின் ஆவியே குமட்டலை எழுப்பிவிடுகிறது. ஆறிய உணவில் மணம் குறைவாதலால், புதிதாகச் சமைத்ததைச் சற்றே ஆறவிட்டு, எவர்சில்வர் கரண்டிக்குப் பதில் பிளாஸ்டிக் கரண்டியால் சிறிது சிறிதாகத் தரலாம். தட்டை விலக்கும் தாய், ஊட்டும் மகளை விலக்குவதாகக் கொள்ளலாகாது.

மாலையில் அத்தாய்க்குத் தேவைப்படுவது பெரும்பாலும் ஆறுதல் மொழியன்று. பக்கத்து வீட்டு அக்காளைத் தொலைபேசியில் அழைத்துத் தந்தால், கண்மாயில் தண்ணீர் ஏறியதா, சினையாடு குட்டி போட்டதா என்று தாயே கேட்கத் தொடங்குவாள். அந்த அரைமணி நேரம் மகள் சற்றுக் கண்ணயரலாம்.