வீட்டுப் பேச்சை விட்டுடாதே, தங்கச்சி!

பையனை ஒண்ணாம் வகுப்பில் சேர்த்ததிலிருந்து வீட்டில் நீயும் மாப்பிள்ளையும் "கம், கோ, ஈட்" என்றே பேசுகிறீர்களாமே? முதலில் அதை நிறுத்து. இங்கிலீஷைப் பள்ளிக்கூடம் பார்த்துக்கொள்ளும். உனக்கு வாய் நிறைய வருகிற பேச்சில் அவனோடு பேசு. "ஏன் அப்படி, அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டே இரு.

கனடாவில் ஜிம் கம்மின்ஸ் என்றொரு கல்வி அறிஞர். புது மொழியில் அரட்டையடிக்க ஒன்றிரண்டு வருஷம் போதும், பாடம் புரிந்து படிக்க ஐந்து வருஷமாவது ஆகும் என்கிறார். முதல் மொழியில் யோசித்துப் பழகியது இரண்டாம் மொழிக்கும் கைகொடுக்குமாம்.

நம் கொல்லிமலைப் பேச்சுக்கும் பாடப்புத்தகத் தமிழுக்குமே தூரம் உண்டு. வகுப்பில் நான் ஒரு வீட்டுச் சொல்லைச் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அந்த வருஷம் முழுக்க வாயே திறக்கவில்லை. உன் பையன் அப்படி வந்து நின்றால், "ரெண்டு சொல்லும் சரிதான், ரெண்டையும் வெச்சுக்கோ" என்று சொல்லு. டீச்சரையும் நோகாதே. 70 கொண்டை ஊசி வளைவு ஏறி வருகிறவருக்கு நம் பேச்சு புதுசு.

"படிக்காத நான் என்னத்தச் சொல்லித்தர?" என்று இழுக்காதே. அமெரிக்காவின் டூசான் நகரில் லூயிஸ் மோல் என்ற அறிஞரோடு சேர்ந்து ஆசிரியர்கள் மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகளின் வீடுகளுக்குப் போனார்கள். விவசாயம், கட்டட வேலை, கைவைத்தியம் என்று வீட்டுக்கு வீடு அவ்வளவு விஷயம் கிடைத்தது. ஒரு அம்மா வகுப்புக்கே வந்து மிட்டாய் செய்யக் கற்றுக்கொடுத்தார். 1992-ல் இதைக் கட்டுரையாகவே எழுதினார்கள்.

உன்னிடம் மிளகு இருக்கிறதே! பத்துக் கிலோ பச்சை மிளகை அவனையே நிறுக்கச் சொல். காய்ந்த பிறகு மறுபடி நிறுக்கட்டும். சுமார் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். பின்னக் கணக்கு அங்கேயே வந்துவிடும்.

ராத்திரி அவன் சத்தமாகப் படிக்கட்டும், நீ அடுப்படியிலிருந்தே கேள். கதையை உனக்கு நம் பேச்சில் திருப்பிச் சொல்லச் சொல்.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போய்க் கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு வராதே. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான், பாதிப் பேர் பெண்கள். மிளகு பறிக்கிற நாளில் கூட்டம் வைத்தால் தேதியை மாற்றச் சொல்.

அடுத்த தடவை போகும்போது ஒரு பிடி சாமை, ஒரு பிடி பனிவரகு முடிந்து எடுத்துக்கொள். "பிள்ளைகளுக்கு இதப்பத்தி நான் ஒரு மணி நேரம் பேசட்டுமா?" என்று டீச்சரிடம் கேள்.