தினம் ஒரு ஓட்டம், மனசுக்கு ஒரு தெம்பு



சென்ற வருடம் நம் குழு ஒன்றில் ஒரு சகோதரி தொடர்ந்து மூன்று கூட்டத்துக்கு வரவில்லை. விதிப்படி அபராதம் போட்டு, தீர்மான நோட்டில் எழுதினார்கள். எழுதச் சொன்னது நாங்கள்தான். பிறகுதான் விஷயம் தெரிந்தது. பல வாரமாக அவருக்குத் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை. காலையில் பாயை விட்டு எழவே முடியவில்லை. "ஏன் வரலை?" என்று எல்லோரும் கேட்டோம். "மனசுக்கு என்னம்மா?" என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அதனால் இந்த மாதப் பாடம் மனசைப் பற்றியது. இங்கிலாந்து நாட்டில் நடந்த ஒரு முயற்சியிலிருந்து தொடங்குவோம்.

31 நாள் சவால்

இங்கிலாந்தில் ஜனவரி மாதம் கடுங்குளிர். காலை எட்டு மணிக்குத்தான் சூரியன் வரும், மாலை நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். கிறிஸ்துமஸ் செலவில் கையும் காலியாகி இருக்கும். பலருக்கு மனசு சோர்ந்து போகிற மாதம் அது. 2016-ல் ஹன்னா பீச்சம் என்ற பெண், மனச்சோர்வால் அவதிப்பட்ட தன் தாய்க்காக ஒரு முயற்சியைத் தொடங்கினார். ஜனவரியின் 31 நாளும் தினம் ஓட வேண்டும், அவ்வளவுதான். அதற்கு 'ரெட் ஜனவரி' என்று பெயர். 'தினமும் ஓடு' என்பதற்கான ஆங்கிலச் சொற்களின் முதல் எழுத்துகள் சேர்ந்ததுதான் 'ரெட்'. பிறகு ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்தார்கள். ஓட முடியாதவர்கள் நடந்தார்கள், நீந்தினார்கள், சைக்கிள் மிதித்தார்கள்.

இவர்களில் பலர் 'மைண்ட்' என்ற மனநலத் தொண்டு நிறுவனத்துக்கு நிதியும் திரட்டினார்கள். அது 1946-ல் தொடங்கிய நிறுவனம். மனநலம் பாதித்தவர்களுக்குத் தொலைபேசியிலும் உள்ளூர் மையங்களிலும் உதவி செய்கிறது. "நான் 31 நாள் ஓடப் போறேன், நீங்க முடிஞ்சதை அந்த நிறுவனத்துக்குக் கொடுங்க" என்று உறவினரிடமும் கூட வேலை செய்பவரிடமும் கேட்பார்கள். ஓடுகிறவருக்கு அதில் ஒரு காசு கிடையாது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பணம் கேட்டால், "எதுக்கு ஓடுற?" என்று எதிராளி கேட்பார். அப்போது, "எங்க அம்மாவுக்கு மனச்சோர்வு", "எனக்கே இருந்துச்சு" என்று வாய் திறந்து சொல்ல வேண்டி வரும். வெட்கப்பட்டு மூடி வைத்த பேச்சு அங்கே வெளியே வந்தது. திரட்டிய பணத்தைப் போல இதுவும் பெரிய பலன்.

ஓடினால் மனசு சரியாகுமா?

நெதர்லாந்து நாட்டின் ஆம்ஸ்டர்டாம் நகரில் நடந்த ஓர் ஆய்வு 2023-ல் வெளியானது. மனச்சோர்வு அல்லது பதற்ற நோய் இருந்த 141 பேர் கலந்துகொண்டார்கள். ஒரு பிரிவினர் 16 வாரம் மாத்திரை சாப்பிட்டார்கள். இன்னொரு பிரிவினர் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, தலா 45 நிமிடம், குழுவாகச் சேர்ந்து ஓடினார்கள். முடிவில் இரண்டு பிரிவிலும் நூற்றுக்குச் சுமார் 44 பேருக்கு நல்ல குணம் தெரிந்தது.

ஆனால் மாத்திரையைச் சொன்னபடி தொடர்ந்தவர்கள் நூற்றுக்கு 82 பேர். ஓட்டத்தைத் தொடர்ந்தவர்கள் 52 பேர்தான்.

இதிலிருந்து மூன்று பாடம்:

1. உடம்பு அசைந்தால் மனசுக்கும் மருந்தாகும்.
2. மனசு சோர்ந்தவரைத் தினம் எழுந்து வரச் சொல்வது லேசான காரியம் இல்லை. கூப்பிட ஆள் வேண்டும்.
3. மாத்திரையானாலும் ஓட்டமானாலும் எல்லோருக்கும் ஒன்றே போதாது. டாக்டரைப் பார்ப்பதும் அவசியம்.

"வயல் வேலை போதாதா?"

"நாள் பூரா குனிஞ்சு நிமிர்றோம், தண்ணி சுமக்கிறோம். இதுக்கு மேல ஓடணுமா?" என்று நீங்கள் கேட்பது நியாயம்தான். வயல் வேலையும் உடம்புக்கு உழைப்புதான். ஆனால் அது கூலிக்கும் குடும்பத்துக்கும் செய்வது. கவலையையும் சேர்த்துத்தான் சுமக்கிறோம். தோழியோடு பேசிக்கொண்டு நடக்கும் அரை மணி நேரம் நமக்கே நமக்கானது. வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் உடலை அசைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்னது. ஐந்து நாள், தினம் அரை மணி, கணக்கு சரியாகிவிடும்.

எப்படித் தொடங்குவது?

• முதலில் நடை. தினம் பத்து நிமிடம் போதும். சேமிப்பு மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். பழகிய பிறகு ஓடலாம்.
• இரண்டு மூன்று பேராகப் போங்கள். வெளிச்சம் உள்ள நேரமாகப் பாருங்கள்.
• ஒரு நாள் விட்டுப்போனால் அபராதம் கிடையாது. மறுநாள் சேர்ந்துகொள்ளலாம்.
• பிரஷர், சர்க்கரை, நெஞ்சுவலி உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் முதலில் நர்சம்மாவிடம் கேளுங்கள்.
• மனநல மாத்திரை சாப்பிடுபவர்கள், "நான்தான் நடக்கிறேனே" என்று தாங்களாக நிறுத்தக் கூடாது.

எப்போது உதவி தேட வேண்டும்?

இரண்டு வாரத்துக்கு மேல் துக்கம், தூக்கமின்மை, எதிலும் பிடிப்பில்லாமை இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ அழைத்துப் போங்கள். 14416 என்ற இலவச எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி மனஸ்' என்ற அரசு சேவை இது. "செத்துப் போயிடலாம்னு இருக்கு" என்று யாராவது சொன்னால் அதை விளையாட்டாக எடுக்காதீர்கள். அவரைத் தனியே விடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.

முதலில் சொன்ன சகோதரி அரசு மருத்துவமனையில் சிகிச்சை பெற்றார். குழுவில் இரண்டு பேர் தினமும் அவர் வாசலுக்குப் போய், "வாக்கா, ஏரிக்கரை வரைக்கும் போயிட்டு வரலாம்" என்று கூப்பிட்டார்கள். முதல் வாரம் அவர் வரவில்லை. அப்படியும் இவர்கள் போவதை நிறுத்தவில்லை. இப்போது அவர் கூட்டத்துக்கு வருகிறார். அந்த அபராதத்தைக் குழு ரத்து செய்து, ஒரு புதுத் தீர்மானமும் போட்டிருக்கிறது: வராத உறுப்பினருக்கு அபராதம் போடும் முன், இரண்டு பேர் வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும்.

குழுவில் பேசிப் பாருங்கள்

1. நம் குழுவில் சமீபத்தில் கூட்டத்துக்கு வராதவர் யார்? அவரைப் பார்க்க யார் போவது?
2. மனசு சரியில்லை என்று சொல்ல நமக்கு ஏன் வெட்கம்?
3. அடுத்த 31 நாள் சேர்ந்து நடக்க எத்தனை பேர் தயார்? பெயர்களை நோட்டில் எழுதுங்கள்.